சீப்புக்காரர் கடையின் தூக்க நாற்காலி

தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதர், ஆனால் சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். புதிதாகப் பார்ப்பவர்கள், 'பாவம், பழைய ஞாபகத்தில் வைத்திருக்கிறார் போல' என்று உச்சுக்கொட்டுவார்கள். அவரும் கொட்டட்டும் என்று விட்டுவிடுவார். சீப்பு அவர் தலைக்கு இல்லை, செம்மறியாட்டுக்கு. அந்த ஆடும் உயிரோடு இல்லை, அதன் தோல் மட்டும்தான் இருக்கிறது. இதையெல்லாம் வருகிறவர் போகிறவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாதென்று தெருவே சேர்ந்து அவருக்குச் சீப்புக்காரர் என்று பெயர் வைத்து விஷயத்தை முடித்துவிட்டது.

குளிரும் மழையும் முறை வைத்து வருகிற ஊர் எங்களுடையது. அதனால் கம்பளி முடியோடு பதப்படுத்திய செம்மறித் தோலில் கோட்டு, பூட்ஸ், கார் சீட்டு உறை என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். வசதியானவர்களிடம் ஸ்வேட் இருக்கும். ஸ்வேட் என்பது வேறொன்றுமில்லை, தோலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பூனை முதுகு மாதிரி ஆக்குவது. கையால் இப்படித் தடவினால் ஒரு நிறம், அப்படித் தடவினால் இன்னொரு நிறம். வாங்கும்போது இருக்கிற பெருமை முதல் மழை வரைக்கும்தான். நனைந்ததும் ஹீட்டர் பக்கத்தில் வைத்து விறைக்க விடுவார்கள், எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டு மூச்சு முட்ட வைப்பார்கள். அப்புறம் சீப்புக்காரர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் அதை மேசையில் கிடத்தி, கொண்டு வந்தவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

"பெத்த பிள்ளையை இப்படித்தான் அடுப்பு மேல காய வைப்பீங்களாம்மா?"

"அது பிள்ளை இல்லைங்க, கைப்பை."

"பேச வாய் இல்லைன்னுதானே இந்தப் பாடு படுத்தறீங்க."

திட்டினாலும் வேலை சுத்தம். சேறு பட்டிருந்தால் அது தானாகக் காயும்வரை தொடமாட்டார். எண்ணெய்க் கறை மேல் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டி, ஒரு ராத்திரி உறிஞ்ச விட்டு, பிரஷ்ஷால் ஒரே பக்கமாக வருடுவார். பளபளத்துப்போன கழுத்துப்பட்டையைப் பள்ளிக்கூட ரப்பரால் அழிப்பார். அந்த ரப்பரும் எப்போதும் பையில்தான், சீப்புக்குத் துணையாக.

பிரச்சினை என்னவென்றால், கடைக்கு வெளியேயும் கை சும்மா இருக்காது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், மனைவியைப் பறிகொடுத்தவர் இவர் தோளில் சாய்ந்து அழுதார். இவரும் முதுகைத் தடவிக்கொடுத்தார். தடவின கை பாதியில் நின்றது. அவர் போட்டிருந்தது ஸ்வேட் ஜாக்கெட், முதுகில் ஒரு கறை. அழுகிறவர் அழுதுகொண்டிருக்க, இவர் பையிலிருந்து ரப்பரை எடுத்து மெதுவாக அழிக்க ஆரம்பித்துவிட்டார். கறை போய்விட்டது. அந்த உறவும் போய்விட்டது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. மழை பெய்தால் டெலிவரி கிடையாது. சுத்தம் செய்த ஸ்வேட்டைத் தூறலில்கூட வெளியே அனுப்பமாட்டார். கல்யாண மாப்பிள்ளை ஒருவன் கோட்டுக்காக வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். வெளியே கொட்டுகிற மழை. "முகூர்த்தத்தைத் தள்ளிப் போட முடியும், இது நனைஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் அண்ணன் சட்டையில் தாலி கட்டினான். இன்றைக்கும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் முதலில் சீப்புக்காரரைத்தான் திட்டுகிறார்கள்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். அதற்கு முன் அவருடைய மாமனாரைச் சொல்ல வேண்டும்.

மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்பதால், சீப்புக்காரர் ஒரு நல்ல செம்மறித் தோலை வாங்கி அவருக்குக் கீழே விரித்தார். அடர்த்தியான கம்பளி உடம்பின் பாரத்தை ஒரே இடத்தில் அழுத்த விடாது, வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே காற்று ஓடும். தினமும் உதறி, நிழலில் காற்றாட விட்டு, சீப்பால் வாரி மறுபடி விரிப்பார். மாமனாருக்குப் புண் வரவில்லை. தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் பசி வந்தது. பசி வந்ததும் தெம்பு வந்தது. சொல்லி அனுப்பப்பட்ட சொந்தக்காரர்கள் காத்திருந்து காத்திருந்து திரும்பிப் போனார்கள். ஒருநாள் மாமனார் எழுந்து நின்றார். ஊசி போட வந்துகொண்டிருந்த, ஓய்வு பெற்ற நர்ஸம்மாவோடு பக்கத்து ஊருக்குக் குடித்தனம் போய்விட்டார். நர்ஸம்மாவுக்குக் கம்பளி என்றால் தும்மல். ஆகவே தோல் மட்டும் திரும்பி வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்தது.

அதில் உட்கார்ந்தவர்கள் தூங்கினார்கள். கோட்டை வாங்கிப் போக வந்தவர் தூங்கினார். கோட்டு வாங்கப் போனவரைத் தேடி வந்த மனைவி, அவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து தூங்கினார். நாற்காலியில் உட்கார ஒரு முறை இருந்தது. சாவிக்கொத்து, பெல்ட்டு, கம்பளியைக் கிழிக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எழுந்து போனதும் அமுங்கிய கம்பளியைச் சீப்புக்காரர் வாரி நிமிர்த்தி விடுவார். உள்ளறையில் கோட்டுகளுக்கு லைனிங் தைக்கிற அவர் மனைவி மட்டும் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"கடையா நடத்தறீங்க, சத்திரமா?"

"தூங்கட்டும் விடு. விழிச்சிருந்தா பேரம் பேசுவாங்க."

அந்த நாற்காலிக்கு நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. கடைக்குச் சொந்தக்காரர். தெருவில் அவருக்குப் பெயர் கட்டடம். ஆளும் அப்படித்தான் இருப்பார். கட்டடத்தின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, இந்தக் கடையைக் காலி செய்து கொடுத்தால் ஐஸ்கிரீம் கடை வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் ஊரில் ஐஸ்கிரீம்! கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் நக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை சொல்லுக்கு வீட்டில் மறுசொல் உண்டா? ராத்திரி விளக்கை அணைத்ததும் கட்டடத்தின் சம்சாரம் இருட்டுக்குள் ஆரம்பிப்பார்: "சொன்னீங்களா? என்ன சொன்னான்? எப்பக் காலி பண்ணுவானாம்?" மனுஷனுக்குத் தூக்கமே போயிற்று.

சொல்லத்தான் அவர் கடைக்கு வருவார். போனில் சொன்னால் மரியாதை இல்லை என்பார். "ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்யா" என்று ஆரம்பிப்பார். சாவியைத் தட்டில் வைப்பார், பெல்ட்டைக் கழற்றுவார், உட்காருவார். அடுத்த வார்த்தைக்குள் குறட்டை வந்துவிடும். எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று கிளம்பிப் போய், வீட்டில் "கண்டிச்சு சொல்லிட்டேன்" என்பார். சொல்வதற்கு வந்தாரா, தூங்குவதற்கு வந்தாரா என்பது எதிர்வீட்டில் இருக்கிற எனக்கும் பக்கத்துப் பேக்கரிக்காரருக்கும் நல்லாவே தெரியும். நாங்கள் எதற்கு வாயைத் திறக்கப் போகிறோம்?

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று சீப்புக்காரருக்கும் தெரியும். கடை போனால் அவர் கதை முடிந்தது. வேறு கடை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் இந்தச் சுவர் கிடைக்காது. கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரியின் அடுப்பு. ஊரே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போதும் இந்த அறை மட்டும் இதமாக உலர்ந்திருக்கும். ஸ்வேட்டுக்கு நேர்ச்சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. அறையின் நடுவில் அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டிவிட்டால் தாயின் மடியில் காய்வது போலக் காயும். இந்தச் சுவர் ரகசியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சுவருக்குத் தனி வாடகை கேட்பார்கள் என்று பயம். கனத்த திரை ஒன்றைப் போட்டு அதை மறைத்து வைத்திருந்தார்.

வெண்ணெய் திரண்டு வருகிறபோதுதான் தாழி உடையும். இங்கே தாழியை உடைத்தவர் மைத்துனர். சீப்புக்காரர் சம்சாரத்தின் தம்பி, நாற்பது தாண்டிய ஆள், ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். சும்மா சாப்பிடுகிறோமே என்று உறுத்தல். உறுத்தலோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று காலை சீப்புக்காரர் கடைக்கு வந்தபோது நாற்காலி வெறுமையாக இருந்தது. மைத்துனர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"அத்தான், உங்க நாற்காலித் தோலைத் துவைச்சிட்டேன்."

சீப்புக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "துவைச்சியா? எதுல?"

"மெஷின்லதான். நல்லா கொதிக்கற தண்ணியில. சோப்புத்தூளு ஒரு கை கூடவே போட்டேன், நமக்குள்ள என்ன கஞ்சத்தனம்?"

"அப்புறம்?"

"காயவே இல்லை. அதான் பேக்கரியில ஆள் இல்லாத நேரமாப் பாத்து அடுப்புல ஒரு ஓரமா வெச்சு எடுத்தேன். பன்னுக்குப் பக்கத்துல."

அன்று பன் வாங்கியவர்கள் ஏன் மோந்து மோந்து பார்த்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

மைத்துனர் கையை முன்னால் நீட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளாக, விறைப்பாக ஏதோ ஒன்று. மேசையில் வைத்தபோது டங்கென்று சத்தம் கேட்டது.

"மீதி எங்கடா?" என்றார் சீப்புக்காரர்.

"மீதியா? முழுசும் இதுதான் அத்தான்."

உள்ளறையிலிருந்து சம்சாரம் ஓடிவந்தார். "கழுதை தேஞ்சு கட்டெறும்பாச்சுன்னு கேட்டிருக்கேன். ஆட்டைத் தேய்ச்சு எலியாக்கினவன் நீ ஒருத்தன்தாண்டா!"

"அழுக்கா இருந்துச்சேக்கா..."

"உன்னைப் பெத்தப்பவும் அழுக்காத்தாண்டா இருந்தே. அம்மா உன்னைக் கொதிக்கிற தண்ணியிலயா போட்டாங்க?"

சீப்புக்காரர் சீப்பை எடுத்து அந்தத் துண்டை ஒருமுறை வாரினார். சீப்பின் பல் உடைந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில், அதற்கென்றே உள்ள சோப்பில், கையால் அமுக்கி எடுத்து, இழுத்து விரித்து நிழலில் போட்டிருந்தால் அது இன்னும் பத்து மாமனாரைப் பிழைக்க வைத்திருக்கும். வெந்த தோலுக்கு வைத்தியமில்லை. கிளிசரின் தடவினார், ஈரத் துணியில் சுற்றினார், நான்கு பக்கமும் இழுத்தார். அது இம்மியளவுக்குக்கூட இளகவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர் தலையை நீட்டினார். "சேதி தெரியுமா? கட்டடத்தோட சம்சாரம் கேக்கு வாங்க வந்துச்சு. இன்னைக்கு மாப்பிள்ளையையும் கூட அனுப்புதாம். சொல்லி முடிக்காம வீட்டுக்கு வரக்கூடாதுன்னு உத்தரவாம்."

சீப்புக்காரர் நாற்காலியைப் பார்த்தார். வெறும் பலகை. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வராது, புத்திதான் வரும்.

சம்சாரம் அலமாரியைக் கைகாட்டினார். "மருந்துக்கடைக்காரர் கார் சீட்டு உறை இருக்குல்ல? அதைக் கொஞ்ச நேரம் விரிங்க. செம்மறித் தோல்தானே, ஆடு மாறினா தூக்கம் மாறுமா?"

"அது நம்மகிட்ட வைத்தியத்துக்கு வந்தது."

"ஐயோ, கடையே போகப்போகுதுங்க!"

"போனாப் போகட்டும். டாக்டர் கால் வலிக்குதுன்னு நோயாளி மேல உட்காருவாரா?"

கடைசியில் அந்த விறைத்த துண்டையே நாற்காலியின் நடுவில் வைத்தார். பார்த்தால் நாற்காலிக்குப் பிளாஸ்திரி போட்டதுபோல இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு கட்டடம் வந்தார். பின்னால் மாப்பிள்ளை, கையில் அளக்கிற டேப்போடு. மாப்பிள்ளை காலில் புத்தம் புது ஸ்வேட் ஷூ. தெருத்தண்ணீரில் ஊறி இரண்டு தவளைகள் மாதிரி கத்திக்கொண்டு வந்தது.

"இங்க ஃப்ரீஸர், இங்க கோன் மெஷின், வாசல்ல பெரிசா ஒரு பொம்மைக் கரடி" என்று மாப்பிள்ளை அளக்க ஆரம்பித்தார்.

கட்டடம் வழக்கப்படி சாவியைத் தட்டில் வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். "ஒரு முக்கியமான விஷயம்யா" என்று கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்னய்யா இது? ஆணியில உட்கார்ந்த மாதிரி இருக்கு?"

"ஐயா, தோலு..." சீப்புக்காரர் பல் உடைந்த சீப்பைத் தடவினார். "வெந்துபோச்சு."

கட்டடம் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெரிய உடம்பு மெல்லக் குலுங்கியது. "இதுவா? அதுவா இது? ஐயோ, எப்படி இருந்தது! வீட்டுல கண்ணை மூட முடியலையே, இங்க வந்து ஒரு வாய் தூங்கிட்டுப் போவேனே! எந்தப் பாவிய்யா இப்படிப் பண்ணினான்?"

மைத்துனர் மெல்லத் தையல் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தார். சம்சாரம் உள்ளறையிலிருந்து, எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தார்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

"மாமா," என்றார் மாப்பிள்ளை பொறுமையிழந்து, "தோல் கிடக்கட்டும். காலி பண்ணச் சொல்லுங்க."

கட்டடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். முதல்முறையாக அந்தக் கடையில் முழுசாக விழித்திருந்தார். "ஆமாய்யா. அதான். கடையை..."

சீப்புக்காரர் அவரைப் பார்க்கவில்லை. அவர் பார்வை மாப்பிள்ளையின் காலில் இருந்தது. "தம்பி," என்றார், "அதைக் கழட்டுங்க."

"எதை?"

"ஷூவை. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருந்தீங்கன்னா செத்துடும்."

மாப்பிள்ளை ஏதோ சொல்வதற்குள் இவர் தரையில் உட்கார்ந்து இரண்டையும் உருவிவிட்டார். துணியால் ஒற்றினார், உள்ளே காகிதத்தைச் சுருட்டி அடைத்து, உருவம் கெடாமல் பலகையில் நிறுத்தினார். தன் தலைக்கு ஓலை வந்திருக்கிற நேரத்தில் எதிரி காலுக்கு வைத்தியம் பார்க்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"குடுங்க, நான் கிளம்பணும்" என்றார் மாப்பிள்ளை.

"மழை விட்டதும் தர்றேன்."

"என் ஷூவை எனக்கே தரமாட்டீங்களா?"

"கைக்கு வந்துடுச்சுன்னா நம்ம பொறுப்பு தம்பி. மழையில டெலிவரி கிடையாது."

"மாமா! கேட்டீங்களா?"

"எனக்கும் ஒரு தடவை கோட்டைத் தரலை" என்றார் கட்டடம், அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே. "கெஞ்சிப் பிரயோஜனமில்லை."

மழை விடுகிற மாதிரி இல்லை. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்ற மாப்பிள்ளைக்குக் குளிர் பாதத்திலிருந்து ஏறியது. ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றார். ஐஸ்கிரீமுக்காக ஒற்றைக் காலில் நின்றவருக்கு அது பழக்கம்தான். ஆனாலும் தாங்கவில்லை. தொங்குகிற கோட்டுகளுக்கு இடையில் நுழைந்து, சாய்ந்துகொள்ள இடம் தேடி, திரைக்குப் பின்னால் போனார்.

சீப்புக்காரர் முகம் வெளிறியது. சுவர்!

"அப்பாடா," என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு, "மாமா... இந்தச் சுவர் ஏன் சுடுது?"

"சுவர் எங்கயாவது சுடுமா?"

"சுடுது மாமா. முதுகு இதமா இருக்கு."

பேக்கரிக்காரர் வாசலிலிருந்து, கேட்காமலேயே பதில் சொன்னார். "நம்ம அடுப்பு தம்பி. வருஷம் பூரா அணையாது. உங்க ஐஸ்கிரீம் வந்தா தினமும் பாயசமாக் கிடைக்கும், ஒரு டம்ளர் எனக்கும் வைங்க."

திரை விலகியது. மாப்பிள்ளை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "என்ன மாமா இது? அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டிருக்கற இடத்துல ஐஸ்கிரீம் கடையா? இத்தனை தடவை வந்தீங்களே, ஒரு தடவையாவது உள்ள வந்து பார்க்கலையா? அப்படி என்னதான் பண்ணிட்டிருந்தீங்க இங்க?"

கட்டடம் தட்டிலிருந்த சாவியைப் பார்த்தார், சீப்புக்காரரைப் பார்த்தார், வேடிக்கை பார்க்க வாசலில் நின்ற எங்களையும் பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெருவுக்கும் ஒரு நாகரிகம் உண்டு.

"பேசிட்டிருந்தேன்" என்றார். "கண்டிச்சு."

மழை விட்டதும் ஷூ கைக்கு வந்தது. புதிதாக இருந்ததைவிட நன்றாக இருக்கிறதே என்று மாப்பிள்ளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸ்கிரீம் கடை இப்போது ஊரின் அந்தக் கோடியில், காற்று அறைகிற ஓர் இடத்தில் நடக்கிறது. மைத்துனர் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே வெந்நீருக்கு வேலையே இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அக்கா அனுப்பினார்.

கட்டடம் சொன்ன ஒரே நிபந்தனை, நாற்காலிக்குப் புதுத் தோல் வர வேண்டும் என்பதுதான். வந்தது, நீளக் கம்பளி. புதுசு பழக நாளாகும் என்று சொல்லிப் பார்த்தார்கள். பழக்குவது என் பொறுப்பு என்று அவரே தினமும் வருகிறார். இப்போது அவர் சம்சாரம் வேறு ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புகிறாராம், சூடான சுவருக்குத் தனி வாடகை கேட்கச் சொல்லி. சீப்புக்காரர் பயந்தது நடந்துவிட்டது, ஆனால் கட்டடத்தின் வாய் வரைக்கும் இன்னும் வரவில்லை. "ஒரு முக்கியமான விஷயம்யா" என்று ஆரம்பிக்கிறார். சாவிக்கொத்து தட்டில் விழுகிறது, பெல்ட்டு விழுகிறது, அப்புறம் குறட்டை.

சீப்புக்காரர் புதுச் சீப்பை எடுத்து நாற்காலியின் கைப்பிடிக் கம்பளியை வாருகிறார், முதுகுக் கம்பளியை வாருகிறார். கம்பளி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. நேர்வகிடு எடுத்து, படிய வாரிய தலையோடு கட்டடம் வீட்டுக்குப் போகிறார். சொல்லிட்டேன் என்கிறார். அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, "அது சரி, உங்களுக்கு யாரு தலை வாரிவிட்டது?" என்று கேட்கிறாராம்.